ஏன் அங்கே? – பூகோள மாமா பதில்கள்

கல்லூரி விண்ணப்ப சீசன். இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி ‘புவியியல் எடுக்கலாமா, சுற்றுச்சூழல் எடுக்கலாமா’ ரகம். மிச்சம், ‘எடுக்க வேண்டாம் என்று சொல்லித் தொலையுங்கள்’ என்று அப்பாக்கள் எழுதியவை. இரண்டு கட்சிக்கும் மாமா பொது.

மகள் பி.எஸ்சி. புவியியல்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். ஸ்கோப் இருக்கிறதா?
– ஒரு தந்தை, நாமக்கல்

ஸ்டீரியோஸ்கோப் நிச்சயம் இருக்கிறது. விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எட்டிப் பார்த்தால், தட்டைக் காகிதத்திலிருந்து மலை எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்ட ஸ்கோப்பும் உண்டு. நகரமைப்பு, நில அளவை, பேரிடர் மேலாண்மை, பயிர்க் காப்பீடு, செல்போன் டவர் வைக்க இடம் தேடுவது என்று வரைபடமும் செயற்கைக்கோள் படமும் படிக்கத் தெரிந்தவருக்கு எங்கும் ஒரு நாற்காலி. உங்கள் வீட்டுக்குப் பிரியாணி ஆறாமல் வந்து சேர்வதே ஒரு புவியியல் சாதனைதான்.

புவியியல் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.
– பிளஸ் டூ மாணவி, திருவாரூர்

‘எங்கே?’ என்று கேட்டு, பதில் வந்ததும் விடாமல் ‘ஏன் அங்கே?’ என்று குடைவது.

பயிற்சிக்கு: பட்டாசு ஏன் சிவகாசியில்? மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயம் கைகொடுக்காத பூமி. காயப்போட்டது காயும் ஊர். பட்டாசை மாயவரத்தில் போட்டிருந்தால் தீபாவளிக்கு ஊதுவத்தி மட்டும்தான் எரியும்.

நாங்கள் பூகோளம் என்று படித்தோம். இப்போது புவியியல் என்கிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

இரண்டும் சரி. ஆனால் பூகோளத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பூ என்றால் பூமி, கோளம் என்றால் உருண்டை. தட்டைப் பூமிக் கட்சிக்காரர்களை நாலே எழுத்தில் தோற்கடித்துவிட்டோம்.

அந்த உருண்டையை முதலில் அளந்தவர் யார்? எதை வைத்து அளந்தார்?
– பி.எஸ்சி. முதலாமாண்டு, தஞ்சாவூர்

எரட்டோஸ்தனிஸ். கி.மு. 3-ம் நூற்றாண்டு, அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் தலைவர். தெற்கே சயீன் ஊரில் ஆண்டில் ஒரு நாள் உச்சிவெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று கேள்விப்பட்டார். அதே நாள், அதே வேளையில் அலெக்சாண்ட்ரியாவில் நிழல் விழுந்தது. சாய்வை அளந்தார்: 7.2 பாகை. வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கினார். முடிந்தது கதை. ‘ஜியாக்ரஃபி’ என்ற சொல்லும் அவர் வைத்ததே.

ஆன செலவு ஒரு குச்சி, ஒரு நிழல். இன்று இதையே செய்யக் கிளம்பினால் முதலில் ப்ராஜெக்ட் ஃபண்டுக்கு விண்ணப்பம் போடுவோம். ஃபண்டு வருவதற்குள் சூரியன் இறங்கிவிடும்.

புவியியலில் மெட்ராஸுக்கு ஏதாவது பெருமை உண்டா? சும்மா பெருமைக்குச் சொல்ல வேண்டாம்.
– வரலாற்று மாணவர், தாம்பரம்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஐயா. 1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலையடியில் 100 அடிச் சங்கிலியை நீட்டினார். பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் 12 கி.மீ. இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதும் போட்டுக்கொண்டே போனார்கள். லாம்டன் வழியிலேயே காலமானார், முக்கோணம் நிற்கவில்லை. இமயமலை வரை போயிற்று. 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித வல்லுநர் ‘உலகத்திலேயே உயரமான சிகரம் இதுதான்’ என்று கணக்கில் பிடித்தார்.

நடுவில் தஞ்சாவூரில் ஒரு கூத்து. லாம்டனின் தியோடலைட் அரை டன் கனம். 1808-ல் அதைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் இழுத்தபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் சீமைக்கு மூட்டை கட்டவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து பல வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தினார். அதாவது இமயமலையின் உயரத்தில் நம் தஞ்சாவூர் டிங்கரிங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

பெரும்பாக்கத்தை அவர் அடிக்கணக்கில் அளந்தார். இப்போது சதுர அடிக்கணக்கில் விற்கிறார்கள். பரங்கிமலைக்கு இன்று போகிறவர்கள் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறத்தான் போகிறார்கள்.

எவரெஸ்ட் சிகரத்தில் எவரெஸ்ட் ஏறினாரா?
– எட்டாம் வகுப்பு மாணவன், ஓசூர்

இல்லை. லாம்டனுக்குப் பின் அந்த முக்கோண வேலையை நடத்தியவர் அவர். ‘என் பெயரை வைக்காதீர்கள், உள்ளூர்க்காரர்கள் வாயில் நுழையாது’ என்று ஆட்சேபம்கூடச் சொல்லிப் பார்த்தார். அவர் பெயரின் உச்சரிப்பு ‘ஈவ்ரெஸ்ட்’. கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் வாயிலேயே நுழையவில்லை.

ஊர் சுற்றப் பிடிக்காது. வீட்டிலிருந்தே புவியியல் படிக்க முடியுமா?
– கூச்ச சுபாவி, விருதுநகர்

தத்துவஞானி இமானுவேல் கான்ட் 40 வருடம் புவியியல் பாடம் நடத்தினார், கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு வெளியே போகாமலே. நீங்கள் கான்ட்டா?

ஃபீல்டு ட்ரிப் என்று ஊட்டிக்குக் கூட்டிப்போகிறார்களாம். இது படிப்பா, பிக்னிக்கா?
– சந்தேகப்படும் அம்மா, கரூர்

கடைசி சீட்டில் உட்கார்ந்தால் பிக்னிக். ஜன்னல் சீட் என்றால் படிப்பு. கல்லாறு வரை பாக்கு மரம், மேலே ஏற ஏறத் தேயிலை, இன்னும் மேலே புல்வெளியும் மடிப்பில் சோலைக்காடும். ஒரு காலை நேரத்தில் மூன்று நான்கு நாட்டுத் தட்பவெப்பம் ஜன்னலில் போகும். குன்னூர் வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு உயர வேறுபாடு செய்முறையாகவே விளங்கிவிடும். எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்புங்கள்.

பிளேன் டேபிள் சர்வே பண்ணப் போனால், ‘ரோடு போடப் போறீங்களா’ என்று ஊரே கூடிவிடுகிறது. என்ன சொல்வது?
– இரண்டாமாண்டு மாணவர்கள், திருச்சி

உண்மையைச் சொல்லுங்கள், யாரும் நம்ப மாட்டார்கள். நான் படிக்கிற காலத்தில் முசிறிப் பக்கம் முக்காலியை ஊன்றினோம். ஒரு பாட்டி சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து, ‘சாமி, கோட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கமா போடுங்க, என் புளியமரம் தப்பிச்சிரும்’ என்றார். இது வெறும் மார்க்குக்காக என்று எவ்வளவோ சொன்னோம். மார்க்குக்காக யாராவது வெயிலில் நிற்பார்களா என்று பாட்டிக்கு நியாயமான சந்தேகம்.

கோடு எங்கள் தப்பால் தானாகவே நகர்ந்தது. மரம் தப்பியது. புவியியலில் நான் வாங்கிய ஒரே லஞ்சம் அந்த மோர்.

சம உயரக் கோடுகள் ஏன் ஒன்றையொன்று வெட்டுவதில்லை?
– பி.எஸ்சி. முதலாமாண்டு, நாகர்கோவில்

ஒரே இடம் ஒரே சமயத்தில் இரண்டு உயரத்தில் இருக்க முடியாது. தொங்குபாறைக்கு மட்டும் விதிவிலக்கு. தேர்தல் நேரத்தில் சில தலைவர்களுக்கும்.

இந்தியக் கடற்கரை 7,516.6 கி.மீ. என்று படித்தேன். இப்போது 11,098.81 என்கிறார்கள். மிச்சக் கடற்கரை எங்கிருந்து முளைத்தது?
– போட்டித் தேர்வர், ராமநாதபுரம்

கரை வளரவில்லை, தம்பி. அளவுகோல் சுருங்கியது. பெரிய கோலால் அளந்தால் வளைவு நெளிவெல்லாம் தாண்டிப் போய்விடும். சின்னக் கோலை எடுத்தால் ஒவ்வொரு கழிமுகத்துக்குள்ளும் நுழைந்து வரும். லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் இந்த விவகாரத்தைக் கிளப்பினார். 1967-ல் மாண்டல்பிராட் ‘பிரிட்டன் கடற்கரை எவ்வளவு நீளம்?’ என்று கட்டுரையே எழுதினார். கறாரான விடை இல்லை என்பதுதான் விடை.

கல்யாணச் செலவு மாதிரி. எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறீர்களோ, அவ்வளவு நீளும். தேர்வில் மட்டும் புது எண்ணை எழுதிவிட்டு வாருங்கள். தத்துவம் பேசினால் மார்க் வராது.

வகுப்பறைச் சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரிகிறதே?
– ஆசிரியை, திண்டுக்கல்

ஆப்பிரிக்காவுக்குள் 14 கிரீன்லாந்தை அடைக்கலாம். மெர்கேட்டர் 1569-ல் கப்பல்காரர்களுக்குத் திசை பிசகாமல் இருக்கப் போட்டுக் கொடுத்த படம் அது. திசைக்காக அளவைக் காவு கொடுத்தார். வடக்கே போகப் போக எல்லாம் ஊதிப்போய்த் தெரியும். (அரசியல் அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.)

‘சஸ்டெய்னபிலிட்டி’ என்று எல்லோரும் பேசுகிறார்களே, இதை யார் கிளப்பிவிட்டது?
– மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி

மரவெட்டு ஆபீசர். ஜெர்மனியில் சாக்சனி நாட்டுச் சுரங்க நிர்வாகி கார்லோவிட்ஸ். வெள்ளியை உருக்க விறகு, சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் என்று காடு காலியாகிக்கொண்டிருந்தது. ‘வளர்கிற அளவுக்குத்தான் வெட்டணும்’ என்று 1713-ல் புத்தகம் போட்டார். காட்டின் மேல் காதல் என்று நினைக்காதீர்கள், வெள்ளி நின்றுபோகுமே என்ற கவலை. 1987-ல் நார்வேயின் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐ.நா. குழு அதையே உலகத்துக்கு விரித்துச் சொன்னது: இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் கையைக் கட்டாதே.

விதைநெல்லைக் குத்திப் பொங்காதே என்று உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். பாட்டிக்கு அடிக்குறிப்பு போடும் வழக்கம் கிடையாது, அதனால் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அதற்குச் சரியான தமிழ்ச்சொல் எது?
– தமிழாசிரியர், மதுரை

நிலையான வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி. நிலைத்து நிற்பதைக் குறிக்க இன்னும் ஒரு சொல்லும் நிலைக்கவில்லை. என் ஓட்டு ‘வளங்குன்றா’வுக்கு. சொல்லிலேயே குளம் தளும்புகிறது.

ஐ.நா.வின் 17 இலக்குகளையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். 2030-க்குள் நிறைவேறுமா?
– எம்.ஏ. மாணவி, பழனி

2015-ல் ஏற்றுக்கொண்டார்கள். 17 இலக்கு, அதற்குள் 169 குட்டி இலக்கு. நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. 12 வருடம் கழித்து அடுத்த பூப்பும் 2030-ல்தான். இரண்டில் ஒன்றின் மேல் நான் பந்தயம் கட்டத் தயார்.

சுற்றுச்சூழல் அறிவியல், புவியியல் – என்ன வித்தியாசம்? எதில் சேர்வது?
– குழப்பத்தில் ஒருவன், ஈரோடு

உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே உதாரணம் ஓடுகிறது. நொய்யல். சுற்றுச்சூழல் அறிவியல்காரர் ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவார். உப்பு எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று சொல்வார். புவியியல்காரர் கரையோரமாகவே மேலே நடந்து, எந்தக் குழாய், யார் வீட்டுக் குழாய், ஏன் அங்கே என்று பார்ப்பார். பாட்டிலும் வேண்டும், செருப்பும் வேண்டும்.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, அது கலர் தொட்டியானது. அணை வந்தால் கும்பிடுவதுதான் விவசாயி வழக்கம். இங்கே ஆயக்கட்டுக்காரர்கள் கோர்ட் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை அப்புறம் மெதுவாகத் திறந்தன.

இதில் வில்லன் யார் என்று தேடி ஒரு மாணவன் கிளம்பினால் பட்டறை, வங்கிக் கடன், ஏற்றுமதி ஆர்டர், மலிவு விலை கேட்கிற அமெரிக்கக் கடை என்று போய், கடைசியில் தன் சட்டைக்குள் போட்டிருக்கிற பனியனில் வந்து நிற்பான். எதில் சேர்ந்தாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். எது பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதோ அதில் சேருங்கள்.

எந்தப் பட்டப்படிப்பானாலும் சுற்றுச்சூழல் பேப்பர் ஒன்று கட்டாயமாமே. யார் செய்த வேலை?
– பி.காம். மாணவர், சேலம்

உச்ச நீதிமன்றம். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. தேர்வு முடிந்ததும் அந்தக் கைடை எங்கே வீசுகிறீர்கள் என்பதுதான் உங்கள் செய்முறைத் தேர்வு.

ஜி.ஐ.எஸ். சாஃப்ட்வேர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாதா? மூன்று வருடம் எதற்கு?
– அவசரக்காரர், சென்னை

கற்றுக்கொள்ளுங்கள், காசே வேண்டாம். கியூ-ஜி.ஐ.எஸ். இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் படங்கள் கிடைக்கும். டேராடூன் தொலை உணர்வு நிறுவனம் இணையத்திலேயே இலவச வகுப்பு எடுக்கிறது. ஆனால் 1854 லண்டனைக் கொஞ்சம் கேளுங்கள். காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் யார் செத்தார், எங்கே தண்ணீர் பிடித்தார் என்று விசாரித்து, பிராட் தெருக் குழாயடியில் போய் நின்றார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பாடப்புத்தகத்தில் வருகிற அந்தப் புகழ்பெற்ற வரைபடம் அதற்கு அப்புறம் அச்சானது.

நடை முதலில், படம் பிறகு. நீங்கள் பட்டனோடு தொடங்கப் பார்க்கிறீர்கள்.

சென்னையில் புவியியல் மாணவி முதலில் பார்க்க வேண்டிய இடம் எது?
– ஹாஸ்டல் மாணவி, கோடம்பாக்கம்

மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோடு. போய் நின்று ஏரியைத் தேடவும். டூ வீலர் தெரியும், காய்கறி வண்டி தெரியும். ஏரி தெரியாது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம்; பக்கத்துத் தெருக்களுக்கு இன்றும் ‘லேக் ஏரியா’ என்று பெயர். நீரின்றி அமையாது என்றவருக்கு நீரை எடுத்துவிட்டுக் கோட்டம் கட்டினோம்.

ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஏந்தல், தாங்கல், கழுவெளி என்று தண்ணீர் நிற்கும் இடத்துக்கு இத்தனை பெயர் வைத்த மொழி நம்முடையது. பழவந்தாங்கலில் இறங்குகிற எத்தனை பேருக்குத் தாங்கல் எது என்று தெரியும்? ஊர்ப்பெயரைப் பிரித்துப் படிக்கிறவனுக்கு வீட்டுமனைத் தரகர் பொய் சொல்ல முடியாது.

மழைக்கு மட்டும் ஞாபகமறதி கிடையாது. 2015 டிசம்பரில் பழைய விலாசத்துக்கே வந்து கதவைத் தட்டியது. தண்ணீருக்குப் பட்டா படிக்கத் தெரியாது.

கேரளாவில் ஜூன் மாதம் கொட்டுகிறது. நமக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?
– கோபக்காரர், திருநெல்வேலி

மேற்குத் தொடர்ச்சி மலை அவர்களுக்கு முகம், நமக்கு முதுகு. தென்மேற்குக் காற்று அங்கேயே மூட்டையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் வரும். நமக்கு வருட மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கிலிருந்து வரும். நாம் தீபாவளிப் பட்டாசைக் காயவைத்திருக்கும் நேரமாகப் பார்த்து.

கோயம்புத்தூரில் மட்டும் சிலுசிலு என்று காற்று. ஏன் மாமா?
– பெருமையோடு ஒரு வாசகி, கோவை

பாலக்காட்டுக் கணவாய், அம்மணி. மலைச்சுவரில் 30, 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு திறந்த கதவு. அந்தக் காற்றைப் பிடித்துத்தான் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் இதே கதை. ஏசி கம்பெனிக்காரர்களின் எதிரி ஒரு ஓட்டை.

சங்கப் புலவர்களுக்குப் புவியியல் தெரியுமா?
– எம்.ஃபில். பாதியில் விட்டவர், காரைக்குடி

காதலைச் சொல்வதற்கே முதலில் நிலத்தைச் சொல்லச் சொன்னவர்கள். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மனிதர்களின் கண்ணீரெல்லாம் அப்புறம். பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வளம் திரிந்து போனால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். நிலம் சீரழியும், அழிந்தால் வேறொன்றாகும் என்று தெரிந்திருக்கிறது.

உடனே ‘உலகத்துக்கு நாமே சொன்னோம்’ என்று வாட்ஸப்பில் தட்டாதீர்கள். சொல்லிவிட்டு நாமே செய்தும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘கார்பன் தடம்’ கணக்குப் போட்டேன். குற்ற உணர்ச்சியில் தூக்கம் வரவில்லை.
– ஐ.டி. ஊழியர், சிறுசேரி

தூங்குங்கள். சூழலியல் தடம் என்ற கருத்தை 1990-களில் வில்லியம் ரீஸ் என்ற கனடாப் பேராசிரியர் கொண்டுவந்தார். ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்று 2000-களின் நடுவில் ஊரெல்லாம் விளம்பரம் செய்து பரப்பியது பி.பி. பெட்ரோலியக் கம்பெனி. எண்ணெய் விற்றவர் குனிந்து நம் செருப்பை அளந்தார். அளந்ததில் தப்பில்லை, அவருடைய பூட்ஸையும் கழற்றச் சொல்லுங்கள்.

மஞ்சப்பை தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனால் கிண்டல் செய்கிறார்கள்.
– சூழல் ஆர்வலர், விழுப்புரம்

அரசே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று மேடை போட்டு அழைத்தாயிற்று. தைரியமாகத் தூக்குங்கள். எங்கள் வீட்டில் கல்யாணத் தாம்பூலத்தில் வந்த மஞ்சப்பை 27 இருக்கிறது. அத்தனையும் மடித்து, பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ். சஸ்டெய்னபிலிட்டி படிக்கலாமா?
– பொறியியல் பட்டதாரி, வேலூர்

முதலில் உள்ளூரைப் பாருங்கள். பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சூழல் கணக்கை ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. எழுத ஆள் தேவை. கணக்கு உண்மையா என்று பார்க்க அதைவிட அதிகம் ஆள் தேவை. கடன் வாங்கித்தான் தீருவேன் என்றால், ஒன்று மட்டும் நிச்சயம் நிலைத்து நிற்கும்.

போன கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. உலகம் நிஜமாகவே சூடாகிறதா?
– அதே பொறியியல் பட்டதாரி, வேலூர்

மே மாதம் வேலூரில் உட்கார்ந்துகொண்டு இதை எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். ஆனால் நியாயமாகச் சொன்னால், ஒரு மே மாதப் புழுக்கம் வானிலை. 30 வருடச் சராசரிதான் காலநிலை. 30 வருடத்துக்கு முந்தைய வேலூர் எப்படி என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்காதீர்கள். அவர்கள் காலத்தில் எல்லாமே குளுகுளு. வானிலைத் துறைப் பதிவைப் பாருங்கள்; அதிலும் சூடுதான் ஏறியிருக்கிறது.

புவியியல் பாடம் யார் உயிரையாவது காப்பாற்றியிருக்கிறதா?
– மீனவர் மகள், நாகப்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26, தாய்லாந்தின் புக்கெட் கடற்கரை. டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, தண்ணீர் பொங்கி நுரைப்பதைப் பார்த்து ‘சுனாமி வருது’ என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்பு வகுப்பில் ஆசிரியர் நடத்தியிருந்தார். கடற்கரையைக் காலி செய்தார்கள். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள்.

அந்தப் பாடத்தை அந்த ஆசிரியர் ‘சாய்ஸில் விட்டுடலாம்’ என்று தாண்டிப் போயிருந்தால்?

புவியியல் படித்துப் பெரிய ஆளானவர் யார்?
– அலட்சியமான அண்ணன், ஆவடி

கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டான், இளவரசர் வில்லியம், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தெரசா மே. மூவரும் பல்கலைக்கழகத்தில் புவியியல். முதலாமவர் உயரத்தைக் கற்றார். இரண்டாமவருக்குச் சொந்தமாகவே நிலம் உண்டு. மூன்றாமவருக்கு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வெளியேற வழி கிடைக்கவில்லை.

ஆள் சேரவில்லை என்று எங்கள் கல்லூரியில் புவியியல் துறையை மூடப்போவதாகப் பேச்சு.
– வருத்தத்துடன் ஒரு விரிவுரையாளர்

ஹார்வர்டு 1948-லேயே மூடியது. 2006-ல் ‘புவியியல் ஆய்வு மையம்’ என்று ஒன்றைத் திறந்தது. முன்வாசலில் போகச் சொன்னவரைக் கொல்லைவழியாகக் கூப்பிட்டார்கள். இங்கே மெட்ராஸில் 1926-ல் தொடங்கிய புவியியல் சங்கம், இந்தியப் புவியியல் சங்கமாகி, இன்னும் சஞ்சிகை போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் நிர்வாகத்திடம் ஹார்வர்டு என்ற பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டாம். ‘அவர்களே மூடினார்களா!’ என்று உற்சாகமாகிவிடப் போகிறார்கள்.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் புவியியல் விருப்பப் பாடம் எடுக்கலாமா?
– தீவிர மாணவர், தர்மபுரி

எடுக்கலாம். ஜெயித்தால் மாவட்டத்துக்குக் கலெக்டர். தோற்றாலும் மாவட்டத்துக்கு எல்லை எது என்று தெரிந்திருக்கும்.

பட்டம் இல்லாமல் சூழலியல் பற்றி எழுத முடியாதா?
– அரசு ஊழியர், அரியலூர்

தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமைப் பதவி வரை போனவர். ஊர் ஊராகப் பின்கோடு தெரிந்தவருக்குப் பறவைகளின் விலாசம் தெரியாதா? மா. கிருஷ்ணன் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் கண்மூடும்வரை, 46 வருடம், விடாமல் எழுதினார். நான் இந்தப் பத்தியை மூன்று வாரம் விட்டதற்கே ஆசிரியர் போனை எடுப்பதில்லை.

சூழல் பாதுகாப்பு என்றாலே விவசாயிக்கு நஷ்டம்தானே?
– விவசாயி, மதுராந்தகம்

உங்கள் பக்கத்து ஊர் வேடந்தாங்கலைக் கேளுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். பறவையைச் சுடக்கூடாது என்று 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். உரக்கடைக்குப் போகாமல் உரம், அதுவும் வெளிநாட்டு இறக்குமதி, சுங்கவரி கிடையாது.

அப்பா எனக்குத் தெரியாமல் உங்களுக்கு ‘ஸ்கோப் இருக்கா’ என்று எழுதியிருப்பார். அவருக்கு என்ன பதில் சொன்னாலும் சரி, நான் புவியியலுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் என்ன படித்துவிட்டுப் போகலாம்?
– ஒரு மகள், நாமக்கல்

இரண்டு கவரிலும் ஒரே நாள் தபால் முத்திரை, ஒரே கோந்து. பிரமாதம்.

ஒன்றும் படிக்காதே. ஹாஸ்டலுக்குப் போனதும், அறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று போனைத் தொடாமல் கண்டுபிடித்து எனக்கு ஒரு கார்டு போடு. அப்பாவிடம் கேட்காதே. அவருக்கு உங்கள் வீட்டு ஜன்னலே தெரியாது. வாஸ்துக்காரர் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.